வியர்வைச் சட்டை

மலாய்க்காரர்கள் ஸ்வெட்டரை 'பாஜு செஜோக்' என்கிறார்கள். குளிர்ச் சட்டை. அகராதியில் அதே உடுப்புக்கு 'பாஜு பானாஸ்' என்றும் ஒரு பெயர் இருக்கிறது. சூட்டுச் சட்டை. எந்த நேரத்தில் போடுகிறோம் என்று பார்த்து வைத்த பெயர் ஒன்று, போட்டால் என்ன கிடைக்கிறது என்று பார்த்து வைத்த பெயர் இன்னொன்று. இரண்டுமே நியாயம்தான். ஆங்கிலம் மட்டும் குளிரையும் சூட்டையும் விட்டுவிட்டு வியர்வையைப் பிடித்துக்கொண்டது. ஸ்வெட்டர், ஸ்வெட் ஷர்ட், ஸ்வெட் பேண்ட். விளையாட்டுக் கடையில் தொங்கும் பாதித் துணிகளின் பெயரில் வியர்வை இருக்கிறது.

கேமரன் மலையில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையான சங்கதி. நான் கோலா தெர்லாக்காரன். 'கோலா' என்றால் ஆறு போய்ச் சேரும் இடம். தெர்லா ஆற்றின் பெயரை வைத்துக்கொண்ட ஊர். இப்போது ஊரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றைத் தாண்டிப் போனால் தேயிலைச் சரிவுகள். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் குளிருக்குப் போடுகிற துணி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடைக்கு மேல் போடுவார்கள், கோயில் திருவிழாவில் புடவைக்கு மேல் போடுவார்கள், கல்யாண வீட்டில் பட்டுக்கு மேலேயும் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு மட்டும் கழற்றுவார்கள். அந்தச் சொல்லுக்குள் வியர்வை இருக்கிறது என்று யாரும் சட்டை பண்ணுவதில்லை. கீழே சுங்கை சிப்புட்டிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "ஒங்களுக்கு என்னா, ஏர்கோன்லயே வேல."

ரப்பர் மரத்தடியில் கொசுக்கடியில் நின்றவர்கள், செம்பனைக் குலையை வெயிலில் இழுத்தவர்கள் அப்படிச் சொல்லும்போது எங்கள் வீட்டில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. வேர்க்காத ஊர் என்பது எங்களுக்கு ஒரு பெருமை மாதிரியும் இருந்தது.

இந்தச் சொல்லைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்ததே வேலைக்குப் போன பிறகுதான். எனவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

'ஸ்வெட்' மிகப் பழைய சொல். பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. அதற்கும் பின்னால் போனால் இந்தோ ஐரோப்பிய மொழிகளின் பொது வேர் ஒன்றில் போய் நிற்கிறது. லத்தீனில் 'சூடோர்', சமஸ்கிருதத்தில் 'ஸ்வேத' எல்லாம் அதே குடும்பம். ஆயுர்வேத வைத்தியசாலைகளில் வேது பிடிக்க வைப்பதை 'ஸ்வேதனம்' என்பார்களே, அந்த 'ஸ்வேத'. தமிழ் அகராதியிலும் 'சுவேதம்' என்றால் வியர்வை என்று பொருள் இருக்கிறது. கூடவே வெண்மை என்றும் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள், வெவ்வேறு எழுத்துகள். தமிழில் 'த' ஒன்றுதான் என்பதால் வெண்மையும் வியர்வையும் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து உட்கார்ந்துவிட்டன. நம் ஊரில் சுவேதா என்று பெயர் வைத்த பெற்றோர் எல்லாரும் வெண்மையைத்தான் நினைத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

'ஷர்ட்' பழைய ஆங்கிலத்தில் 'ஸ்கியுர்ட்டே'. குட்டையான உடுப்பு என்பது கருத்து. 'ஷார்ட்' என்ற சொல்லுக்கு உறவு. வைக்கிங்குகள் பேசிய வட ஐரோப்பிய மொழியில் இதே சொல் 'ஸ்கிர்ட்டா' என்று இருந்தது, அங்கேயும் பொருள் மேல்சட்டைதான். அது இங்கிலாந்துக்குள் வந்து இடுப்புக்குக் கீழே இறங்கி 'ஸ்கர்ட்' ஆகிவிட்டது. ஆக, ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ஒரு தாய் பிள்ளைகள். ஒருவர் மேலே போனார், ஒருவர் கீழே போனார்.

இந்த இரண்டும் சேர்வதற்கு முன்னால் ஸ்வெட்டர் வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளின் எடையைக் குறைக்கக் கனமான போர்வையைப் போர்த்தி ஓடவிடுவார்கள். மனிதர்களும் எடை குறைக்கத் தடித்த துணியைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வியர்க்க வைப்பதால் அது ஸ்வெட்டர். 1880களில் படகோட்டிகள் போடும் கம்பளிச் சட்டைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம்தான் குளிருக்குப் போடுவதெல்லாம். எங்கள் பாட்டிமார்கள் தேயிலை மலையில் போட்டுக்கொண்ட உடுப்பின் பெயர், ஒரு காலத்தில் குதிரையை வாட்டுவதற்குப் போர்த்தியது.

கம்பளியின் தொல்லை அது கடிக்கும். 1926இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பெஞ்சமின் ரசல் என்பவரின் மகன், பல்கலைக்கழக அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவன், கம்பளி ஜெர்சி உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அப்பாவிடம் புலம்பினானாம். அப்பாவுக்கு அலெக்ஸாண்டர் சிட்டியில் பின்னலாடை ஆலை இருந்தது. பெண்களின் உள்ளாடைக்குப் பின்னும் பருத்தித் துணியையே கொஞ்சம் தடிப்பாக்கி, தொளதொளவென்று ஒரு மேல்சட்டை தைத்துக்கொடுத்தார்கள். ஸ்வெட் ஷர்ட்டின் பிறப்பைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை இது. கழுத்துப் பட்டிக்குக் கீழே முக்கோணமாக ஒரு சின்னத் துண்டு பழைய ஸ்வெட் ஷர்ட்டுகளில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கழுத்தில் வழியும் வியர்வையை உறிஞ்சவும், தலையை நுழைக்கும்போது பட்டி இழுபடாமல் இருக்கவும் வைத்தது. இப்போது வெறும் தையலாக, அலங்காரத்துக்கு இருக்கிறது.

அலபாமா பருத்தி நாடு. 1865 வரை கறுப்பின அடிமைகள் பறித்த பருத்தி. அதற்குப் பின்னும் பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகளே குத்தகைக் கடனில் மூழ்கிப் பறித்தார்கள். குனிந்து, தோளில் மாட்டிய நீளப் பையை இழுத்துக்கொண்டு, செடி செடியாகப் பறிப்பது. பையனுக்கு அரிக்காமல் இருக்க வந்த துணிக்குப் பின்னால் இப்படி ஒரு பறிப்பு இருந்தது. சட்டையின் பெயரில் உள்ள வியர்வை விளையாடியவனுடையது மட்டும்.

விளையாட்டுத் துணி சீக்கிரமே வேலைக்காரர்களிடமும் வந்துவிட்டது. தலைமூடி வைத்த ஸ்வெட் ஷர்ட், நாம் ஹூடி என்று சொல்வது, 1930களில் நியூயார்க் மாநிலத்தின் குளிர்ச் சேமிப்புக் கிடங்குகளில் வேலை செய்தவர்களுக்காகத் தைக்கப்பட்டது என்று சாம்பியன் நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. குளிரில் வேர்க்க வேர்க்க வேலை செய்கிறவர்கள். இதைப் படித்தபோது என் பாட்டி ஞாபகத்துக்கு வந்தார்.

பாட்டியிடம் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட் ஷர்ட் இருந்தது. நெஞ்சில் ஏதோ ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர், பாதி எழுத்து உரிந்துபோய். பண்டல் கடையில் வாங்கியது. மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: பண்டல் என்பது ஜப்பான், கொரியா, அமெரிக்கா என்று வெளிநாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பழைய துணி. இப்போது என் வயதுப் பையன்கள் பண்டலில் பழைய சாம்பியன் கிடைத்தால் நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கி இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். பாட்டி காலத்தில் அது பாசார் மாலாமில் தரையில் குவித்துக் கிடக்கும், ஒன்று ஐந்து வெள்ளி. தோட்டத்துப் பெண்கள் கைலிக்கு மேலே ஸ்வெட் ஷர்ட், அதற்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பை இடுப்பில் கட்டி, முதுகில் கூடை, தலையில் துண்டு என்று மலையேறுவார்கள். ஒருத்தி நெஞ்சில் டெக்சஸ், இன்னொருத்தி நெஞ்சில் ஒசாகா. யாரும் படித்துப் பார்த்ததில்லை.

நான் ஆறாம் வகுப்பு முடிக்கும்வரை பாட்டி கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டுதான் இருந்தார். கத்தரியும் இயந்திரமும் வந்த பிறகும் இயந்திரம் நிற்க முடியாத சரிவுகளில் கைப்பறிப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அந்தச் சட்டையைக் கழற்றிப் பிழிவது. பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பனி என்று நினைத்திருந்தேன். இடுப்புவரை பிளாஸ்டிக் கட்டியிருக்கும்போது முதுகும் அக்குளும் ஏன் நனைகிறது என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்தில் வெப்பவியல் படித்துவிட்டு ஒரு விடுமுறையில் கேட்டேன்.

"பனியா? பனி எட்டு மணிக்கெல்லாம் போயிரும்யா. இது வேர்வ."

"குளிர்ல வேர்க்குமா பாட்டி?"

"ஏறிப் பாரு."

விஷயம் இவ்வளவுதான். ஒரு கிலோ வியர்வை ஆவியாகிப் போனால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வியர்வையின் வேலையே அது. ஆனால் மலையில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. வியர்வை ஆவியாக இடமில்லை. பருத்தி அதைக் குடித்து வைத்துக்கொள்கிறது. ஏறும்வரை தெரியாது. கூடையை இறக்கி நிறுவைக்கு வரிசையில் நின்றவுடன் உடம்பு சூடு உண்டாக்குவது குறைகிறது, சட்டையில் தேங்கிய தண்ணீர் வேலையைத் தொடங்குகிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தோட்டத்துப் பெண்களுக்கு நிறுவை வரிசையில்தான் நடுங்கும். கீழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வெயிலில் வேர்த்தார்கள், பாட்டி நனைந்தபடியே குளிரில் நின்றார். ஏர்கோனில் ஈரச் சட்டையோடு நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்த நிறுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்குத் தண்ணீர்தான். தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி, உலர்த்தி அதை வெளியேற்றுகிறார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். இலைக்குள் இருக்கும் தண்ணீரை யாரும் குறை சொல்வதில்லை. இலைக்கு மேலே இருக்கும் தண்ணீர்தான் தகராறு. மழை நாளிலும் பனி நாளிலும் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பது நிறுக்கிறவர் கையில். பாட்டி வேலை செய்த தோட்டத்தில் அதைப் பற்றிக் கேட்ட ஒருத்திக்கு, "குளிர் ஊர்ல சொகுசா வேல செஞ்சிக்கிட்டு என்னா பேச்சு" என்று பதில் வந்ததாம். பாட்டி இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் கணக்கு உறுத்தியது. கொழுந்தின் மேலிருந்த தண்ணீருக்குக் கணக்கு இருந்தது. சட்டையிலிருந்த தண்ணீருக்கு இல்லை.

ஆங்கிலத்தில் ஸ்வெட்டருக்கு இன்னோர் அர்த்தம் இருந்ததை நான் பிறகுதான் படித்தேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் தையல்காரர்களிடையே ஸ்வெட்டர் என்றால் ஓர் ஆள். பெரிய கடையிலிருந்து மொத்தமாக வேலையை வாங்கி, தன் வீட்டு மாடியில் ஏழைத் தையல்காரர்களை அடைத்து வைத்துக் குறைந்த கூலிக்குத் தைக்கவைத்து, இடையிலுள்ள காசை எடுத்துக்கொள்கிறவர். படுக்க இடமும் சாப்பாடும் அவரே தந்து அதையும் கூலியில் பிடித்துக்கொள்வார். மற்றவர்களை வியர்க்க வைக்கிறவர், அதனால் ஸ்வெட்டர். ஹென்றி மேஹ்யூ 1849, 1850 வாக்கில் செய்தித்தாளில் இவர்களைப் பற்றி எழுதினார். அதே 1850இல் சார்லஸ் கிங்ஸ்லி மலிவுத் துணியின் பின்னால் இருக்கும் இந்த முறையைச் சாடி ஒரு துண்டுப்பிரசுரம் போட்டார். 1888இல் பிரபுக்கள் சபையே ஒரு குழு வைத்து விசாரித்தது. 'ஸ்வெட்ஷாப்' அங்கிருந்து கிளைத்த சொல். ஆளைக் குறித்த ஸ்வெட்டரைக் கிட்டத்தட்ட எல்லாரும் மறந்துவிட்டார்கள். துணியைக் குறித்த ஸ்வெட்டர் மட்டும் கடையில் தொங்குகிறது.

அந்த ஆளைப் பற்றிப் படிக்கும்போது தமிழனுக்குக் கங்காணி ஞாபகம் வராமல் இருக்காது. கண்காணிப்பவர் கண்காணி, அவரே கங்காணி. ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்துத் தன் ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும் திரட்டிக்கொண்டு வந்தவர். அன்றன்று பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போன ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் கங்காணிக்கும் நஷ்டம். லண்டன் ஸ்வெட்டரும் நம் கங்காணியும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றில்லை. கங்காணி பலருக்கு மாமனோ சித்தப்பாவோவாக இருந்தார், சாவுக்கும் வாழ்வுக்கும் முன்னால் நின்றார். ஆனால் இருவருக்கும் வருமானம் வந்த வழி ஒன்றுதான், அடுத்தவர் உடம்பு. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு வகுத்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைந்தது. கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தை 1929இல் தொடங்கினார். (அலபாமா ரசலுக்கும் இவருக்கும் பெயர் ஒன்று என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.) 1938இல் இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்தது, கங்காணி வழி ஆள் சேர்ப்பு அத்தோடு நின்றது. என் பூட்டன் அதற்கு முன்பே ஒரு கங்காணியின் பின்னால் கீழ்நாட்டு ரப்பர் தோட்டமொன்றுக்கு வந்து, பிறகு தாப்பா சாலை வழியாக மலையேறியவர்.

'கங்காணி' ஆங்கில அகராதிக்குள் போய்விட்டது. அதன் பொருளைச் சொல்லும்போது மேற்பார்வையாளர் என்று போட்டிருக்கிறார்கள். அவர்கள் ஊர் ஸ்வெட்டரைப் பக்கத்தில் வைத்து விளக்கியிருந்தால் இங்கிலாந்துக்காரனுக்கு இன்னும் நன்றாக விளங்கியிருக்கும்.

நான் இப்போது பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தூய்மை அறைக்குள் போகத் தலை முதல் கால்வரை மூடும் வெள்ளை உடுப்பு. அந்த உடுப்பு நம்மை வெளியிலிருந்து காப்பாற்ற அல்ல, நம்மிடமிருந்து சில்லைக் காப்பாற்ற. மனித உடம்பு தோல் செதிலைக் கொட்டும், வியர்வையில் சோடியம் இருக்கிறது, சோடியம் சில்லுக்கு விஷம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் இதை விளக்கிச் சொல்கிறேன். "வியர்வை இங்கே மாசு" என்று படத்தைக் காட்டிச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் நாக்கு தடுக்கும். மூன்று தலைமுறையில் வியர்வை கூலியாக இருந்து, கணக்கில் வராததாகி, இப்போது மாசாகியிருக்கிறது. சம்பளம் மட்டும் கூடியிருக்கிறது, அதை மறைக்கவில்லை. வேலை முடிந்து வெளியே வந்தால் அலுவலக ஏர்கோன் குளிருக்கு எல்லாரும் ஹூடியை மாட்டிக்கொள்கிறோம். சனிக்கிழமை பூப்பந்து ஆடக் காசு கொடுத்து மைதானம் எடுக்கிறோம், வியர்ப்பதற்கு. அதற்கென்று வியர்வையை உடனே வெளியே தள்ளிவிடும் ஜெர்சி வாங்குகிறோம். காசு கொடுத்து வியர்க்கிறவன் உடுப்புக்கும், காசுக்காக வியர்க்கிறவள் உடுப்புக்கும் ஒரே பெயர் இருப்பது சொல்லின் குற்றமில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது நம் மனத்தில் வருகிற படத்தில் பாட்டி இல்லை.

பாட்டி வேலையை விட்டதும் தோட்டத்து வீட்டை விட வேண்டியிருந்தது. கோலா தெர்லாவில் வாடகைக்கு வந்தோம். அவர் 2019இல் இறந்தபோது சுவாசக் கோளாறு என்று எழுதினார்கள். நாற்பது வருடம் ஈரச் சட்டையில் நின்றதற்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று என்னால் நிரூபிக்க முடியாது, நான் மருத்துவன் இல்லை. நான் சொல்லக்கூடியது அவருக்கு வேர்த்தது என்பதை மட்டும்தான்.

இப்போது அந்தச் சரிவுகளில் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள். இருவராக இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு செடியின் தலையைச் சீவிக்கொண்டே போகிறார்கள். அவர்களும் பண்டல் கடையில்தான் வாங்குகிறார்கள், அவர்கள் நெஞ்சிலும் யாருடையதோ பல்கலைக்கழகம். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடையில் ஒருவரிடம் வியர்வைக்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டேன். காம் என்றார். வர்க்க எழுத்தில் நான்காவது 'க', மூச்சை அழுத்திச் சொன்னார். சூடு என்று பொருள்படும் 'கர்ம' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது அது, வினை என்ற கர்மத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேலைக்கு? அதற்கும் அவர்கள் கிராமத்துப் பேச்சில் காம்தான், ஆனால் முதல் 'க'. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினார், வித்தியாசம் தெரிகிறதா என்று சிரித்தார். தெரிந்தது. கைப்பேசியில் தமிழில் குறித்துக்கொண்டபோது மட்டும் இரண்டும் ஒரே மாதிரி விழுந்தன.